ஓரெழுத்து வித்தியாசம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நேரம். ஆனேக்கலில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, டி.வி. வாங்கப் போறேன். நீங்களும் கூட வாங்க. உங்களுக்குக் கன்னடம் நல்லா வரும், கொஞ்சம் வெலை பேசிக் கொடுங்க" என்று அழைத்தார். தருமபுரிப் பக்கத்துக்காரர். ஜிகணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் முதன்முதலாக வாங்கும் பெரிய பெட்டி. 43 அங்குலம்.

கடையில் ஒரு பெட்டியைப் பார்த்தோம். அதே நிறுவனம், அதே அளவு, அதே தோற்றம் கொண்ட பெட்டி இணைய வணிகத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருப்பதைத் தம்பி தன் கைபேசியில் காட்டினார். கடைக்காரர் கைபேசியை வாங்கிப் பார்த்தார், சிரித்தார். "அது பேரே மாடல் சார், இது பேரே மாடல்" என்றார். உண்மைதான். பத்துப் பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தது. மற்றெல்லாம் ஒன்றே. "வித்தியாசம் என்ன?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்காரருக்குத்தான் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார்.

கன்னடத்தில் 'பேரே' என்றால் 'வேறு' என்று பொருள். என் தமிழ்க் காதுக்கு அது 'பேர்தான்' என்று விழுந்தது. அன்று முதல் எனக்கு ஒரு சந்தேகம். வேறானது பெட்டியா, அல்லது பேர் மட்டுமா?

இந்தக் கேள்வி நம் பகுதி மக்களுக்கு அன்னியமானதன்று. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று ஆனேக்கல் வட்டம் முழுவதும் தொழிற்பேட்டைகள். ஒரு பக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, எல்லை தாண்டினால் ஓசூர். நம் சங்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பொருளை உருவாக்கும் இடத்திலோ, சோதிக்கும் இடத்திலோ, பெட்டியில் அடைக்கும் இடத்திலோ வேலை பார்க்கிறார். பொருளைச் செய்யும் கை நம்முடையது. ஆனால் அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கும்போது அதன் மேல் எழுதியிருப்பது நமக்கே புரிவதில்லை. ஆகவே, இந்த எண்கள் ஏன் மாறுகின்றன என்று கொஞ்சம் விசாரித்தேன். தெரிந்துகொண்டதையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

நியாயமான காரணங்கள்

முதலில் நியாயமாகப் பேசுவோம். எண் மாறுவதெல்லாம் ஏமாற்று அல்ல.

முதல் காரணம் நாடு. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நாம் எடுத்துக்கொண்டது 'பால்' முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'என்.டி.எஸ்.சி.', பிரான்சில் 'செகாம்'. மின்சாரமும் அப்படியே. நமக்கு 230 வோல்ட், 50 சுழற்சி. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சுழற்சி. ஒரே பெட்டியை இரண்டு நாட்டிலும் விற்க முடியாது. வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பெட்டியை இங்கே இணைத்துப் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டோடியதைக் கண்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றும் சாம்சங் தொலைக்காட்சிகளின் எண் ஆசியாவில் 'யு.ஏ.' என்றும், ஐரோப்பாவில் 'யு.ஈ.' என்றும், வட அமெரிக்காவில் 'யு.என்.' என்றும் தொடங்குவதைப் பார்க்கலாம்.

கைபேசியிலும் இதே கதைதான். 2023-இல் வந்த ஐபோன் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்றது ஏ2846. சீனாவிலும் ஹாங்காங்கிலும் ஏ3092. நம் நாட்டில் ஏ3090. வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஆனால் அமெரிக்கப் போனில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. சீனத்துப் போனில் இரண்டு அட்டைகள் செருகலாம். நம்முடையதில் ஓர் அட்டையும் ஒரு மின்-சிம்மும். அமெரிக்காவிலிருக்கும் மைத்துனர் வாங்கி வந்தார் என்று மகிழ்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும் பொருள் எண்ணின் இறுதியில் 'எச்.என்.' என்றிருந்தால் இந்தியாவுக்கானது. 'எல்.எல்.' என்றிருந்தால் அமெரிக்காவுக்கானது. அதே எண் 'எம்' என்று தொடங்கினால் புதிது. 'எஃப்' என்று தொடங்கினால் திரும்பி வந்து சீர்செய்யப்பட்டது. ஓரெழுத்து எவ்வளவு பேசுகிறது பாருங்கள்!

இரண்டாவது காரணம் அரசின் அளவுகோல். ஏ.சி. எந்திரங்களுக்கு மின்சிக்கனத்துக்காக நட்சத்திரம் கொடுக்கிறார்கள் அல்லவா? 2022 ஜூலையில் அந்த அளவை உயர்த்தினார்கள். அதற்கு முன் மின்சிக்கன எண் 4.5 இருந்தாலே ஐந்து நட்சத்திரம். அப்போது அதை 5.0 ஆக்கினார்கள். 4.6 உள்ள ஏ.சி. ஜூன் மாதத்தில் ஐந்து நட்சத்திரம், ஜூலையில் நான்கு நட்சத்திரம். எந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. சில நிறுவனங்கள் நட்சத்திர எண்ணையும் ஆண்டையும் மாடல் எண்ணிலேயே பொதித்து வைப்பதால் எண்ணும் சேர்ந்து மாறுகிறது. இதில் குற்றமில்லை. தெரிந்து வாங்கினால் போதும்.

மூன்றாவது காரணம் தரம் பிரித்தல். மின்னணு வேலை தெரிந்த நம் உறுப்பினர்கள் பி.சி.547 என்ற டிரான்சிஸ்டரை அறிவார்கள். கடையில் அதையே ஏ, பி, சி என்று மூன்றாகத் தருவார்கள். அவற்றின் பெருக்கும் திறன் 'ஏ'-இல் 110 முதல் 220 வரை. 'பி'-இல் 200 முதல் 450 வரை. 'சி'-இல் 420 முதல் 800 வரை. வடித்த பின் அளந்து பார்த்துப் பிரிப்பதுதான் முறை, களத்தில் நெல்லைத் தூற்றிப் பிரிப்பதுபோல. கணினியின் மூளையான இன்டெல் சில்லுகளிலும் எண்ணின் இறுதியில் 'எஃப்' இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி இயங்காது, தனி அட்டை வாங்க வேண்டும். விலை கொஞ்சம் குறைவு. இதை நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. எவருக்கும் நட்டமில்லை.

ஆக, எண் என்பது ஒரு முகவரி. தெருவுக்குத் தெரு முகவரி மாறுவது இயல்பு. முகவரி என்ன சொல்கிறது என்பதை மறைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நியாயமற்ற காரணங்கள்

அமெரிக்காவில் பெரிய கடைகள் ஒரு வாக்குறுதி தருகின்றன. 'இதே பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் நாங்களும் அந்த விலைக்குத் தருகிறோம்' என்று. ஆனால் ஒரு நிபந்தனை. மாடல் எண் அப்படியே ஒத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைக்கு மருந்து என்ன? கடைக்கு ஒரு மாடல் எண்! அங்கே நவம்பர் மாதத் தள்ளுபடி விற்பனைக்கென்றே தனி எண்ணில் தொலைக்காட்சிகள் வருவதுண்டு. சிலவற்றில் செருகும் துளை ஒன்று குறைந்திருக்கும். சிலவற்றில் எந்த வேறுபாடும் கண்டுபிடிக்க முடியாது. ஒப்பிடுவதற்கு இன்னொரு கடையில் அந்த எண் இருக்காது என்பதே அதன் சிறப்பு.

நம் நாட்டிலும் இணைய வணிகத்துக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று விற்கிறார்கள். எங்கள் தம்பிக்கு நேர்ந்தது இதுதான். வாங்குபவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஒப்பிட்டுப் பார்ப்பது. சந்தையில் தக்காளி வாங்கும் பாட்டிகூட நான்கு கடை விலை கேட்டுத்தான் வாங்குகிறாள். அந்த ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, 'தாராளச் சந்தை' என்று பெயர் வைத்தால் எப்படி?

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எண்ணில் ஓரெழுத்தை மாற்றி, உள்ளே தரத்தைக் குறைப்பது. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'ரெட்' என்ற வன்தட்டு. பல தட்டுகளைச் சேர்த்து இரவும் பகலும் ஓடும் சேமிப்பகங்களுக்கென்று விற்கப்பட்டது அது. பழைய தட்டின் எண் 'ஈ.எஃப்.ஆர்.எக்ஸ்' என்று முடியும். புதியது 'ஈ.எஃப்.ஏ.எக்ஸ்' என்று முடியும். 'ஆர்' போய் 'ஏ' வந்தது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே எழுதும் முறையே மாறியிருந்தது. கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும் முறை. இடம் மிச்சம். ஆனால் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் பக்கத்து வரிகளையும் அழித்து எழுத வேண்டும். வேகம் குறையும். தட்டு பழுதாகி மாற்றும்போது சேமிப்பகமே தடுமாறும். இந்த மாற்றத்தை விளம்பரத்திலும் சொல்லவில்லை, பெட்டியிலும் சொல்லவில்லை. 2020-இல் பயன்படுத்தியவர்களே கண்டுபிடித்துக் கூச்சலிட்ட பிறகுதான் நிறுவனம் பட்டியலை வெளியிட்டது. பழைய முறைத் தட்டுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயரும் வைத்தது.

எண்ணையும் மாற்றாமல் உள்ளிருப்பதை மட்டும் மாற்றியதும் நடந்திருக்கிறது. 2021-இல் க்ரூஷியல் பி2 என்ற நினைவகத்தில் சில்லின் வகையை மாற்றி வேகம் குறைந்தது வெளியே வந்தது. பெயர் அதுவே, எண்ணும் அதுவே. இதைப் பார்த்த பிறகு, ஓரெழுத்தாவது மாற்றினார்களே என்று முந்தியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது!

நிறுவனங்களின் வாதம்

அவர்கள் தரப்பையும் கேட்போம். 2020 முதல் 2022 வரை உலகமெங்கும் சில்லுத் தட்டுப்பாடு. கிடைத்த சில்லைப் போட்டுத்தான் பெட்டியை முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தால் தொழில் நடக்குமா என்று கேட்பார்கள். ஒரு பெட்டியின் திரையை இரண்டு மூன்று நிறுவனங்களிடம் வாங்குவது வழக்கம், எல்லாம் ஒரே தர அளவுக்குள்தான் இருக்கும் என்பார்கள். கடை நடத்துபவருக்கு வாடகை உண்டு, ஆள் சம்பளம் உண்டு. கிடங்கிலிருந்து விற்பவருக்கு அவ்வளவு இல்லை. இருவரும் ஒரே விலைக்கு விற்க வேண்டுமென்றால் ஆனேக்கல் கடைத்தெருவில் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்பார்கள்.

இவற்றில் உண்மை இருக்கிறது. நம் ஊர்க் கடைக்காரர் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பெட்டி கெட்டால் நாம் ஓடிப்போய் நிற்பது அவர் கடை வாசலில்தானே? ஆனால் மாற்றுவது வேறு, மறைப்பது வேறு. 'இணையப் பெட்டியில் ஒலிபெருக்கி சிறியது, அதனால் விலை குறைவு' என்று சொன்னால் நான் இரண்டாயிரம் அதிகம் கொடுத்து நல்லதை வாங்குவேன். 'இரண்டும் ஒன்றுதான், என் வாடகைக்கும் சேவைக்கும் இரண்டாயிரம்' என்று சொன்னாலும் யோசிப்பேன். 'கம்பெனிக்காரருக்குத்தான் தெரியும்' என்பது மட்டும் பதிலாகாது.

பெங்களூரிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. 1961-இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு இங்கே கடிகாரம் செய்யத் தொடங்கியது. நம் அப்பாக்கள் கட்டிய ஜனதா, பைலட் இரண்டிலும் 0231 என்ற ஒரே எந்திரம் ஓடியதுண்டு. முகப்பு வேறு, பெயர் வேறு. எந்த வாட்ச் ரிப்பேர்க்காரரும் மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, பாகத்தைப் போட்டுவிடுவார். 2016-இல் மத்திய அரசு அந்தக் கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. ஆனால் அந்தக் கடிகாரங்கள் இன்னும் ஓடுகின்றன. எண் மெய் பேசியதும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

நம் ஆனேக்கல் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். பட்டும் கலப்பும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் என்பதால்தான் 2004 முதல் 'சில்க் மார்க்' முத்திரை வந்தது. தங்க நகைக்கும் 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து அடையாள எண் இல்லாமல் முத்திரை நகையை விற்கக் கூடாது. அந்த எண்ணை அரசின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நகையின் தூய்மை, முத்திரையிட்ட மையம் எல்லாம் தெரியும். இரண்டு கிராம் மூக்குத்திக்கு உள்ள பாதுகாப்பு முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஏன் இல்லை? மின்னணுப் பொருள்களுக்கும் 2013 முதல் கட்டாயப் பதிவு இருக்கிறது. 'ஆர்' என்று தொடங்கும் எண்ணை அதே செயலியில் பார்க்கலாம். எந்தத் தொழிற்சாலையில் செய்தது, பதிவு செல்லுமா என்று தெரியும். பாதுகாப்புச் சோதனைக்கு அது போதும். ஆனால் இந்த மாடலுக்கும் அந்த மாடலுக்கும் வித்தியாசம் என்ன என்று அது சொல்லாது.

தம்பியின் பெட்டி

மீண்டும் தம்பி வீட்டுக்கு வருகிறேன். இந்த ஆண்டு அந்தப் பெட்டி இருண்டுவிட்டது. குரல் வருகிறது, படம் இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. ஊர் மெக்கானிக் வந்து பார்த்து, போர்டு மாற்ற வேண்டும் என்றார். சுவரில் மாட்டிய பெட்டி. மழை ஈரத்தில் பின்பக்கத்து ஒட்டுத்தாள் ஊறி எழுத்துகள் அழிந்திருந்தன. பில்லைப் பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து 3,200 ரூபாய்க்குப் போர்டு வாங்கி வந்தார். பொருந்தவில்லை. இணைப்பு முனையே வேறு. ஏன் தெரியுமா? பில்லில் அந்தக் கடைசி எழுத்து இல்லை!

விலையைக் குறைக்க மறுத்தபோது எந்த எழுத்தைக் காட்டி 'பேரே மாடல்' என்றார்களோ, அந்த எழுத்தைப் பில் போடும்போது விட்டுவிட்டார்கள். மின்பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் விற்றவர். பிறகு பெட்டியைக் கழற்றிப் பழைய போர்டின் மேலேயே அச்சிட்டிருந்த எண்ணைக் கொண்டு சரியானதைத் தேடிப் போட்டோம். இரண்டாவது போர்டுக்கு மீண்டும் பணம். "ஒரு வாரம் ஓவர்டைம் பார்த்த காசு அண்ணே" என்றார் தம்பி. குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. கன்னடம் பேசத் தெரியும் என்று போனவன், பில்லைப் படிக்கத் தெரியாமல் வந்தேனே!

செய்ய வேண்டியவை

நம் கையில் இருப்பதை முதலில் சொல்கிறேன். பொருள் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள முழு மாடல் எண்ணும், வரிசை எண்ணும் ஓரெழுத்தும் விடாமல் பில்லில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், சுவரில் மாட்டுவதற்கு முன், பின்பக்கத்து ஒட்டுத்தாளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பாகம் வாங்கும்போது பெட்டியின் எண்ணைவிடப் பாகத்தின் மேலுள்ள எண்ணையே நம்புங்கள். விலை ஒப்பிடும்போது எண் ஒத்துவராவிட்டால், திரை, துளைகள், ஒலி, நினைவகம், உத்தரவாதம் என்று ஐந்தையும் ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒன்றானால் எழுத்தைக் கண்டு மயங்காதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறியும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. ஒரு பொருளை அது அல்லாத தரம் என்றோ மாடல் என்றோ பொய்யாகக் காட்டுவது முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் உண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் குறைதீர்ப்பது பின்னால் வருவது. முன்னாலேயே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒரே தோற்றமுள்ள பொருளை இரண்டு எண்களில் விற்கும் நிறுவனம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெட்டியின் மேல் ஒரே வரியில் எழுத வேண்டும். 'இணைய விற்பனைக்கு மட்டும், பொருள் ஒன்றே' என்றால் அப்படி. 'போர்டு மாற்றப்பட்டது' என்றால் அப்படி. மாடல் எண்ணை மாற்றாமல் பாகத்தை மாற்றினால் அதற்கும் ஒரு திருத்த எண் வேண்டும். எடையையும் அதிகபட்ச விலையையும் அச்சிடச் சொல்லும் அரசுக்கு இந்த ஒரு வரியைக் கேட்பது பெரிய காரியமன்று. அச்சிடும் நிறுவனத்துக்கும் செலவில்லை.

நம் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம்மிடையே தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பில்லையும் ஒட்டுத்தாளையும் படிப்பது எப்படி என்று அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். ஊர் விட்டு வந்து உழைக்கும் குடும்பங்களுக்கு இதுவும் ஒரு தமிழ்ப்பணிதான். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை இலக்கணம் படித்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஓரெழுத்தைக் கடையிலும் கேட்டு வாங்கப் பழகுவோம்.